ஒற்றை ரகத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள்: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் குழுவினர் அனைவருக்கும்,

தங்கள் குழு நிறைவேற்றி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தீர்மானத்தைக் குறித்து எழுதுகிறேன். வரும் சம்பாவிலிருந்து நிறுவனம் உறுப்பினர்களுக்குக் கடனாகத் தரும் நெல் விதை ஆர்.என்.ஆர். 15048 ஒன்றுதான், அறுவடைக்குப் பின் வாங்குவதும் அந்த ஒன்றைத்தான். மிளகாயில் முண்டு விதை வழங்குவது நிறுத்தப்பட்டு, வெளிக் கம்பெனி ஒன்றின் வீரிய ஒட்டு விதை தரப்படும். நாட்டு ரகமோ ஊடுபயிரோ போடும் உறுப்பினருக்கு முன்பணம் கிடையாது. நாட்டு ரக விதைகளைக் காத்து வைத்திருக்கும் விதை அறையைக் காலி செய்து அங்கே உர மூட்டைகளை அடுக்கப்போகிறீர்கள். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையோர ஊர்களில் யார் எதை விதைப்பது என்பதை இந்த நான்கு வரிகளில் முடித்துவிட்டீர்கள். பங்குதாரர் என்ற முறையிலும், அந்த விதை அறையைத் தொடங்கிய பெண்களில் ஒருத்தி என்ற முறையிலும் இதை நான் ஏற்கவில்லை. நிறுவனத்தின் பெயரை இம்மடலில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இதே போன்ற தீர்மானத்தை எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக்குக் காத்திருக்கும் வேறு குழுக்களும் இதைப் படித்தால் நல்லது.

தங்கள் தரப்புக் காரணங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. அரிசி ஆலைக்காரர் லாரி நிறைய ஒரே ரகமாகக் கேட்கிறார். இரண்டு ரகம் கலந்துவிட்டால் மூட்டைக்கு விலையைக் குறைக்கிறார். ரகம் ரகமாகப் பிரித்து அடுக்கக் கிட்டங்கியில் இடமில்லை. நடப்பு மூலதனக் கடன் கொடுத்த வங்கி, சரக்கு எப்போது பணமாகும் என்று கேட்கிறது. இவை எதுவும் பொய்யில்லை. ஆர்.என்.ஆர். மோசமான நெல் என்றும் நான் சொல்ல வரவில்லை. தெலங்கானாவில் உருவான அந்தச் சன்ன ரகம் நம் பக்கத்துக் கடைகளில் நன்றாக விற்கிறது. மடைக்குப் பக்கத்தில் உள்ள என் செய்யிலும், அதாவது வயலிலும், அதைத்தான் விதைக்கிறேன். மடைக்குப் பக்கத்துச் செய்க்குப் பொருந்துவதைக் கடலோரப் பொட்டல் வரைக்கும் எல்லா நிலத்துக்கும் விதியாக்கியிருக்கிறீர்கள் என்பதே என் குறை.

நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 820 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. டெல்டாவைப் போல நாற்று விட்டு, தண்ணீர் வரும் தேதி பார்த்து நடுகிற ஊர் இதுவன்று. ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பவர்கள் நாம். முதல் மழையில் முளைத்த பயிர் அடுத்த மழை தள்ளிப்போனால் கருகும். கதிர் வெளிவரும் நேரத்தில் இரண்டு வாரம் ஈரம் இல்லாவிட்டால் மணி பிடிக்காமல் சாவியாகும். அறுவடைக்கு நிற்கும்போது மழை பெய்தால் வயலிலேயே முளைக்கும். இந்த மூன்று கண்டங்களில் எந்த ஆண்டு எது வரும் என்பதை விதைக்கிற நாளில் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் விதைத்தால் எல்லா வயலும் ஒரே வாரத்தில்தான் பூக்கும், ஒரே வாரத்தில்தான் பால் பிடிக்கும். அந்த வாரம் கெட்டால் ஊரே கெட்டது. நம் முன்னோர் ஒரு குடும்பத்துக்கு உள்ள நாலைந்து செய்களில் சித்திரைக்காரையும் நொறுங்கனையும் குருவிக்காரையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டதற்கு இந்தக் கணக்குதான் காரணம். பழமைப் பற்றினால் யாரும் பட்டினி கிடக்கச் சம்மதிப்பதில்லை.

அண்மைய ஆண்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 தொடக்கத்தில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு எங்கள் ஊரில் நெல்லில் எதுவும் தப்பவில்லை. நாட்டு ரகமும் கருகியது, ஒட்டு ரகமும் கருகியது. நாட்டு நெல் எல்லாவற்றையும் தாங்கும் என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்குத் தவசம் தந்தது மேட்டுப் புஞ்சையில் தூவியிருந்த குதிரைவாலி. தானியம் கொஞ்சம்தான், ஆனால் தட்டை மாட்டுக்கு ஆயிற்று. மாட்டை விற்காமல் அடுத்த மழையைப் பார்த்தோம். ரகத்தில் பன்மை இருந்தால் மட்டும் போதாது, பயிரிலேயே பன்மை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. தங்கள் தீர்மானத்தின்படி குதிரைவாலி போடுகிறவருக்கு முன்பணம் இல்லை.

2021 சனவரியில் நேர்மாறானது நடந்தது. பொங்கலை ஒட்டித் தென்மாவட்டங்களில் வழக்கத்துக்கு மாறாக அடைமழை பெய்து, அறுவடைக்கு நின்ற நெல் தண்ணீரில் சாய்ந்தது. என் சன்ன ரகச் செய்யில் இறங்கிக் கதிரைத் தூக்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது. கசக்கினால் உமியும் மாவும் ஒன்றாகக் கையில் ஒட்டியது. ஆனால் முந்தி விதைத்த சித்திரைக்கார் அதற்கு முன்பே களம் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. சித்திரைக்காருக்கு மழையைத் தாங்கும் வரம் ஒன்றும் இல்லை. அது வேறொரு நாளில் விளைந்தது, அவ்வளவுதான். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அது. எங்கள் கரைப் பக்கமும் தாழ்ந்த செய்களில் தண்ணீர் வடியாமல் நின்றது. குட்டை ரகம் மூழ்கி அழுகியது. பக்கத்துச் செய்யில் நெட்டையாக வளரும் நாட்டு நெல் நுனி வெளியே தெரிய நின்று பிழைத்தது. அதே நெட்டைத் தன்மைதான் காற்றுக்குச் சாயவும் வைக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒன்றின் பலவீனத்தை மற்றொன்று ஈடு செய்வதற்குத்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

இனி உப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கீழ்ப்புறம் நிலம் வைத்திருக்கும் உறுப்பினர்களைத் தீர்மானம் எழுதும்போது யாராவது நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்க விரும்புகிறேன். மாசி, பங்குனியில் அந்தச் செய்களில் உப்புப் பூத்து, காலை வெயிலில் வரப்போரம் வெள்ளையாகத் தெரியும். கிணறு தோண்டினால் உவர். மழை நீர் உப்பைக் கீழே தள்ளுகிற அந்தச் சில வாரங்களுக்குள் பயிர் காலூன்றியாக வேண்டும். அங்கே சன்ன ரகங்களை விதைத்தவர்களின் வயல் திட்டுத் திட்டாக வெறிச்சோடியதை நான் பார்த்திருக்கிறேன். உவர் நிலத்துக்கென்றே கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துக் காத்த நெல் குழியடிச்சான். விளைச்சல் குறைவுதான், ஆனால் ஏக்கருக்குப் பத்து மூட்டை காண்பதும் ஒன்றும் காணாமல் போவதும் ஒன்றாகிவிடாது. அந்த நெல்லுக்கும் இனி விதையில்லை, முன்பணமில்லை, கொள்முதலில்லை என்கிறது தீர்மானம். அப்படியானால் அந்த உறுப்பினர்கள் நிலத்தைச் சீமைக்கருவேலுக்கு விட்டுவிட்டு நிறுவனத்தின் பங்குச் சான்றிதழை மட்டும் வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

பூச்சி, நோய் குறித்துச் சென்ற கூட்டத்தில் இயக்குநர் ஒருவர், ஆர்.என்.ஆர். குலைநோய் என்ற பூஞ்சாண நோயைத் தாங்கும் ரகம், கவலை வேண்டாம் என்றார். இன்று தாங்கலாம். பூஞ்சாணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பரந்த பரப்பில் ஒரே ரகம் நிற்கும்போது, அந்த ரகத்தின் எதிர்ப்பை உடைக்கும் ஏதோ ஓர் இனம் தலையெடுத்தால் அதற்கு அடுத்த வயலும் அதற்கடுத்த வயலும் திறந்த வீடாகிவிடுகின்றன. இதற்கு எதிர்த் திசையில் நடந்த சோதனை ஒன்று உண்டு. சீனத்தின் யூன்னான் மாகாணத்தில், குலைநோய்க்கு எளிதில் இரையாகும் பசை நெல்லை நோய் தாங்கும் நெல்லின் வரிசைகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான உழவர்களின் வயல்களில் நட்டுப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான அதன் முடிவின்படி, தனியாக நட்டதைக் காட்டிலும் கலந்து நட்ட பசை நெல்லில் குலைநோய் 94 விழுக்காடு குறைந்தது. அதன் விளைச்சல் 89 விழுக்காடு கூடியது. அங்கே யாரும் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு ரகங்களை அடுத்தடுத்து வைத்தார்கள். மிளகாய்க்கு இங்கே பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2021 கடைசியில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் புதுவகை இலைப்பேன் புகுந்து, மாவட்டம் மாவட்டமாக விரிந்து கிடந்த மிளகாய்க் காடுகளின் பூக்களை உதிர்த்து, கடன் வாங்கி விதைத்தவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் மிளகாய்க்கு நடுவே கொத்தமல்லியும் வெங்காயமும், ஓரத்தில் அகத்தியும் ஆமணக்கும் போடுவது வழக்கம். மிளகாய் காய்ப்பதற்கு முன்பே மல்லித்தழையும் வெங்காயமும் கைச்செலவுக்கு ஆகும். காய்ப்பு தவறினாலும் அது தவறாது. ஊடுபயிர் போட்டால் முன்பணம் இல்லை என்ற வரியை எழுதியவர் மிளகாய்க் காட்டில் களை எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நட்டம் வந்தால் பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பது எனக்குக் கிடைத்த இன்னொரு பதில். 2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நாம் நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு கட்டுகிறோம். கட்டுவது நல்லதுதான், கட்டாதே என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் பரவலான இழப்பு அதில் கணக்கிடப்படுவது என் செய்யை வைத்து அன்று, அறிவிக்கப்பட்ட கிராமத்தில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்து. மடையோரம் விளைந்து கடலோரம் கருகினால் சராசரி என்னைக் காப்பாற்றாது. காப்பீட்டுப் பணம் வந்து சேரும்போது அடுத்த விதைப்பும் முடிந்திருக்கும்.

முண்டு மிளகாய் விவகாரம்தான் எனக்கு எல்லாவற்றிலும் புரியாத ஒன்று. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் நிறுவனமும் அலுவலகத்தில் பதாகை கட்டி இனிப்பு வழங்கியது. உருண்டையான, தடித்த தோலுள்ள, நம் மண்ணிலும் வெயிலிலும் காய்கிற அந்தக் காய்க்கு உரியது அந்தப் பெயர்; வெளிக் கம்பெனியின் ஒட்டு விதையில் காய்த்த எதையும் அந்தப் பெயரில் விற்க முடியாது, விற்றால் அது ஏமாற்று. முண்டுக்கு நாமே பழத்தைத் தேர்ந்தெடுத்து விதை எடுத்துக்கொள்கிறோம். ஒட்டு விதையை ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும், அதில் விழுந்த விதையை மறுபடி போட்டால் தாயைப் போல வராது. உலகமே ஒரு பெயரைக் கொடுத்து இதை வைத்துப் பிழைத்துக்கொள் என்று சொன்ன பிறகு, அந்தக் காயின் விதையையே நிறுத்துகிற வணிகக் கணக்கு எது என்பதை விளக்க வேண்டிய கடமை தங்களுக்கு இருக்கிறது.

சிவப்பரிசியை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அரசு கொள்முதலில் இதற்கு வழி குறுகல் என்பது உண்மை. பொது விநியோகத்துக்கான அரிசித் தரவிதிகளில் சிவப்பு மணி 3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே சிவப்பு மணியுள்ள சித்திரைக்காரையும் குழியடிச்சானையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிட்டு வர முடியாது. இந்தச் சந்து அடைபட்டிருக்கிறது என்பதற்காகத்தானே நாம் பங்குப் பணம் போட்டு நிறுவனம் தொடங்கினோம்? அரசு வாங்குவதை மட்டும் நாமும் வாங்குவதென்றால், உறுப்பினர் நேராகக் கொள்முதல் நிலையத்துக்கே போய்விடலாம், நடுவில் நாம் எதற்கு? பாரம்பரிய நெல்லுக்கென, 2021-இல் முதன்முறையாகத் தனியாக வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையை ஒட்டி, நெல் ஜெயராமன் பெயரில் மாநில அரசு ஓர் இயக்கத்தையே அறிவித்தது. 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட அந்த மனிதர் மறைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் சந்தையில் அந்த அரிசிகளைத் தேடி வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்கள் சென்னையிலும் மதுரையிலும் கொடுக்கும் விலைக்கும், நம் ஊரில் தரகர் களத்து மேட்டில் கொடுக்கும் விலைக்கும் நடுவில் உமி நீக்கும் சிறு இயந்திரமும் சுத்தமான பொட்டலமும்தான் இல்லை. ஒன்றிய அரசின் 2020-ஆம் ஆண்டு உற்பத்தியாளர் அமைப்புத் திட்டமே ‘ஒரு மாவட்டம் ஒரு விளைபொருள்’ என்கிறதே என்று மேலாளர் சொன்னார். அது விற்பனைக்கும் பதனிடுதலுக்கும் ஒரு பொருளை முன்னிறுத்தச் சொல்கிறது. மற்றவற்றை விதைக்காதே என்று அதில் எங்கும் இல்லை.

விதை அறையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. தங்களுக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய பானைகளும் விதை பொதிந்து கட்டிய வைக்கோல் கோட்டைகளும். அங்கே இருக்கும் விதைகள் ஒருமுறை வைத்துவிட்டால் என்றைக்கும் இருப்பவை அல்ல. கடல் காற்றின் ஈரத்தில் நெல் விதையின் முளைப்பு ஓராண்டைத் தாண்டினாலே சரியத் தொடங்குகிறது. எங்கள் குழுப் பெண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆளுக்கு ஒரு ரகம் என்று எடுத்து ஒரு பாத்தியாவது விதைத்து, கலப்புக் கதிர்களைப் பிடுங்கி எறிந்து, அறுத்து, நிழலில் ஆற வைத்து, நொச்சித் தழை போட்டுத் திரும்ப வைக்கிறோம். ஒரு பருவம் இந்தச் சுற்று அறுந்தால், அடுத்த பருவம் அந்த நெல்லைக் கேட்டு எந்தக் கடைக்கும் போக முடியாது. 1970-களில் ஆசிய நெல் வயல்களைப் புல் குட்டை நச்சுயிரி அழித்தபோது, பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தது. எதிர்ப்புத் தன்மை கிடைத்தது உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரேயொரு காட்டு நெல்லில்தான். அதிலிருந்து வந்ததுதான் கோடிக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஐ.ஆர். 36. அந்தக் காட்டு நெல்லைச் சேகரித்த நாளில் அதனால் இன்ன பயன் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. நம் அறையிலுள்ள நொறுங்கனும் வறட்சி தாங்கும் தன்மைக்காக வேளாண் விஞ்ஞானிகள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நெல்தான். சட்டமும் நம் பக்கம் இருக்கிறது: 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உழவர் தம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் விற்கவும் உள்ள உரிமையை உறுதி செய்கிறது. அரசே போடாத கட்டுப்பாட்டை நம் நிறுவனம் முன்பணத்தைக் காட்டிப் போடுவது முறையன்று.

வைக்கோல் பற்றி ஒரு வார்த்தை. குட்டை ரகத்தை இயந்திரத்தால் அறுத்தால் மாட்டுக்குத் தேறுவது சொற்பம். நாட்டு நெல்லின் நீண்ட தாளை நம்பித்தான் கரையோரத்தில் இன்னும் சில வீடுகளில் மாடு நிற்கிறது. அறுத்த வயலில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போட்டால்தான் உரச் செலவு குறைகிறது. தீர்மானத்தை எழுதும்போது இந்தக் கணக்கையும் யாரும் போட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன். முதலாவதாக, இத்தீர்மானத்தை உடனே நிறுத்தி வைத்து, பொதுக்கூட்டத்தின் முன் வையுங்கள். நம்முடையது பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குள்ள உற்பத்தியாளர் நிறுவனம். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள், அந்தக் கையெழுத்துகளைத் திரட்டும் வேலை எங்கள் ஊரில் தொடங்கிவிட்டது. இரண்டாவதாக, இந்தச் சம்பாவுக்கே, ஆர்.என்.ஆருடன் சித்திரைக்கார், நொறுங்கன், குழியடிச்சான் ஆகியவற்றுக்கும் குதிரைவாலிக்கும் முன்பணம் கொடுங்கள். எந்தச் செய்க்கு எது என்பதை உறுப்பினர் முடிவு செய்யட்டும், சாலைக்குக் கீழ்ப்புறத்து உவர் நிலங்களுக்கு ஆர்.என்.ஆர். கட்டாயம் என்ற பேச்சே வேண்டாம். கொள்முதலில் ரகம் கலந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது; அதற்கு ஊருக்கு ஒரு நாள், நாளுக்கு ஒரு ரகம் என்று எடை போடுங்கள், சாக்கில் ரகத்தின் பெயரும் உறுப்பினர் எண்ணும் எழுதும் பொறுப்பை எங்கள் குழு ஏற்கும். உமி நீக்கும் சிறு இயந்திரம் ஒன்றுக்கு இந்த நிதியாண்டிலேயே மானியத்துக்கு விண்ணப்பியுங்கள்.

முண்டு விதை விநியோகத்தை மீண்டும் தொடங்கி, முண்டு என்று அச்சிட்ட பையில் ஒட்டு மிளகாய் ஒரு காய்கூடப் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். ஊடுபயிர்க்காரருக்கு முன்பணம் மறுக்கும் வரியை நீக்குங்கள். விதை அறையின் சாவி பெண்கள் குழுவிடமே இருக்கட்டும். உர மூட்டைக்கு வேறு இடம் பாருங்கள், ஆண்டுதோறும் விதையைப் புதுப்பிக்க நிறுவனச் செலவில் ஒரு செய்யைக் குத்தகைக்கு எடுத்துத் தாருங்கள். விதை தொடர்பான எந்த முடிவையும் எடுக்கும் முன் அந்தக் குழுவிலிருந்து இருவரையாவது கூட்டத்துக்கு அழையுங்கள்.

ஆவணிக் கடைசியில் புழுதி விதைப்பு தொடங்கிவிடும். அதற்கு முன்னதாக, ஆடி முடிவதற்குள், இக்கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்து வடிவில் பதில் தருமாறும், அதை அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பங்குதாரரும் விதைக் குழு உறுப்பினருமான ஓர் உழத்தி,
இராமநாதபுரம் மாவட்டக் கிழக்குக் கரையோரம்